பிரேக் அதிரவில்லை

சக்கரம் சுற்றிய சுற்றைப் பார்த்துத்தான் ப்ரென்னாவுக்குச் சந்தேகம் வந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் பேய் பிடித்ததுபோல் சுற்றி, பனிக்குள் குழி பறித்துக்கொண்டிருந்தன. இந்தப் பிக்கப் வண்டி அப்படிச் சுற்ற விடாது. சக்கரம் வழுக்குகிறது என்று தெரிந்த மறுகணம் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் இன்ஜினின் கழுத்தைப் பிடித்துவிடும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி முனகுமே தவிர நகராது. அதனால்தான் பனியில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் ஒரு கெட்ட வார்த்தை சொல்வார்கள். அப்புறம் டேஷ்போர்டில் இருக்கிற பட்டனை அழுத்திப் பிடித்து, அந்தக் கம்ப்யூட்டரைத் தூங்க வைப்பார்கள். வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினால் அது தானாக விழித்துக்கொள்ளும்.

ப்ரென்னா இன்னும் பட்டனைத் தொடவே இல்லை.

தொட்டுப் பார்த்தாள். அழுத்திப் பிடித்தும் பார்த்தாள். மணிச்சத்தம் வரவில்லை, மஞ்சள் விளக்கும் எரியவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தபோது, வேகமுள்ளுக்குக் கீழே விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. கறுப்பின் மேல் கறுப்பு. ஓரங்களைப் பிளேடால் நறுக்கி, சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்ததுமே இது அப்பாவின் வேலை என்று தெரிந்தது. அப்பா ஆரின் வேலி கட்டினாலும் அப்படித்தான், ஒரு கம்பி கோணலாக இருக்காது.

கையுறையைக் கழற்றி நகத்தால் டேப்பை உரித்தாள். அடியில் இரண்டு விளக்குகள் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. ஒன்று பிரேக்குக்கு, இன்னொன்று, வளைந்து வளைந்து சறுக்குகிற கார் படம் போட்டது. எத்தனை நாளாக இருட்டில் எரிகின்றனவோ!

முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி வண்டியைக் குழியிலிருந்து வெளியே கொண்டுவந்தாள். பானெட்டைத் தூக்கி ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். எல்லா ஃபியூஸும் இருந்தன. பிரேக்குக்கும் சறுக்கலுக்கும் உரிய ஃபியூஸ் இருக்க வேண்டிய பொந்து மட்டும் விழுந்த பல்லின் ஈறு மாதிரி காலியாக இருந்தது. ஆக, பட்டனை அழுத்தி அழுத்திச் சலித்துப்போன அப்பா, ஃபியூஸையே பிடுங்கி எறிந்திருக்கிறார். கம்ப்யூட்டரைத் தூங்க வைக்கவில்லை, கொன்றே போட்டிருக்கிறார். பிணத்தின் மேல் டேப் ஒட்டியிருக்கிறார்.

 

களஞ்சியத்துக்கு முன்னால் முற்றம் முழுக்கக் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. வண்டியைக் கொஞ்சம் வேகமெடுத்து ஓட்டி, பிரேக்கை ஓங்கி மிதித்தாள். சக்கரங்கள் கட்டிப் போட்டதுபோல் நின்றன. வண்டி நிற்காமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. பாதத்துக்கு அடியில் பிரேக் மிதி கல்லு மாதிரி கிடந்தது. கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தால் வழுக்கும்போது படபடவென்று அதிர வேண்டிய மிதி அதிரவே இல்லை.

அன்றைக்கும் இதே மிதிதான். இதைத்தானே அவள் ஜனவரியில் தொண்டை கிழியச் சொன்னாள்!

ஜனவரியில் அவளுடைய சின்னக் காரின் பேட்டரி செத்துப் போயிருந்தது. அம்மா லவோனைத் தேவாலயத்துப் பாட்டு ஒத்திகையிலிருந்து கூட்டி வர, அப்பாவின் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனாள். கேட்டு எடுக்கிற வழக்கமெல்லாம் டகோட்டாவில் இந்தப் பக்கம் கிடையாது. எல்லா வண்டியிலும் சாவி வண்டியிலேயே தொங்கும். தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது நெடுஞ்சாலை வளைவில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கண்ணாடி. சுமை இல்லாத வண்டியின் பின்பக்கம் மெல்ல விலகியது. ப்ரென்னா பிரேக்கை மிதித்தாள். மிதி அதிரவில்லை, வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பள்ளத்தில் இறங்கியது. அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் சிமெண்டுக் குழாயில் மோதியது. லவோனின் காறை எலும்பு உடைந்தது.

"அப்பா, பிரேக் அதிரவே இல்லை. கல்லு மாதிரி கெடந்துச்சு," என்று அவள் அழுதுகொண்டே சொன்னபோது, ஆரின் அவள் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்: "நீ மிதிச்சிருக்கவே மாட்ட. பயத்துல கால் வெறச்சுப் போயிருக்கும். வண்டி நல்லாத்தான் இருக்கு."

அடுத்த வாரமே அவர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சிவப்புக் கதவை வாங்கிவந்து, வெள்ளைப் பிக்கப்பில் தானே மாட்டினார். மெக்கானிக்கிடம் விடவில்லை. ஏன் விடவில்லை என்று இப்போதல்லவா புரிகிறது! மெக்கானிக் பார்த்தால் காலிப் பொந்தும் தெரியுமே.

அதோடு விட்டாரா? மிர்னாவின் காபிக் கடையில், தினமும் பகடை உருட்டி யார் காபிக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற அந்தப் பெரிய மேசையில் உட்கார்ந்துகொண்டு, "வண்டில எல்லா நட்டும் டைட்டாத்தான் இருந்துச்சு. ஸ்டியரிங்குக்குப் பின்னாடி உக்காந்திருந்த நட்டுதான் லூசு," என்று சொன்னார். கடை முழுக்கச் சிரித்தது. பிறகென்ன, ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தேவாலய விருந்தில் யாரோ அவள் தட்டில் ஒரு இரும்பு நட்டை வைத்தார்கள். பிரேக் அதிரவில்லை என்று அவள் இன்னொரு முறை சொன்னபோது, "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்," என்றார்கள். அவளும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள்.

அதைவிடப் பெரிய அநியாயம், அவள் அதை நம்பினாள். தன் கால்தான் உறைந்துபோனது, அம்மாவின் எலும்பை உடைத்தது தான்தான் என்று நம்பினாள். பதினான்கு வயதிலிருந்து பனியில் வண்டி ஓட்டியவள், பனிச்சாலை என்றாலே சாவியைத் தொடாமல் வீட்டோடு கிடந்தாள். போன வாரம் ஆரின், பக்கத்துப் பண்ணைக்காரர் ட்வைட் ஃபெட்சரிடம் இலையுதிர் காலத்தில் நிலத்தையும் மாடுகளையும் விட்டுவிடுவதாகக் கை கொடுத்துப் பேசி முடித்துவிட்டு வந்தார். "குளிர்காலத்துல வண்டி ஓட்ட முடியாத பொண்ணு இங்க பண்ணை நடத்த முடியாது," என்றார். அந்தப் பண்ணைதான் ப்ரென்னாவின் உயிர். அதற்காகவே கல்லூரி முடித்ததும் நகரத்தில் தங்காமல் ஓடி வந்தவள். அன்றைக்கு அவளால் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை. தப்பு செய்தவள் எந்த முகத்தோடு பேசுவாள்?

இன்றைக்குக்கூட டிராக்டர் குளிரில் கிளம்ப மறுத்ததால்தான், பசித்த மாடுகளுக்குத் தீனி கொண்டுபோக வேறு வழியில்லாமல் பிக்கப்பில் ஏறினாள். அப்பா காலையிலேயே ட்வைட்டின் வண்டியில் காபிக்குப் போய்விட்டிருந்தார்.

உரித்த டேப் விரலில் ஒட்டியிருக்க, ப்ரென்னா வீட்டுக்குள் நுழைந்தாள். லவோன் ஒற்றைக் கையால் நெஃப்லா சூப்புக்கு மாவைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு கை இடுப்போடு ஒட்டியபடி கிடந்தது.

"அம்மா, இது வண்டியில எங்க ஒட்டியிருந்துச்சு தெரியுமா?"

லவோன் டேப்பைப் பார்த்தாள். அடுப்பைக் குறைத்தாள். முந்திக்கொண்டு வாயிலிருந்து வந்தது இதுதான்:

"பனி உருகினதும் திரும்ப மாட்டிடறேன்னுதான் சொன்னாரு."

 ப்ரென்னா எங்கே ஒட்டியிருந்தது என்றுதான் கேட்டாள். எதை மாட்டுவது என்று அவள் கேட்கவே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் முன்னாடி தெரியாது. ஆஸ்பத்திரியில வச்சுதான் சொன்னாரு. கிறிஸ்துமஸ் பனியில வைக்கோல் ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறும்போதெல்லாம் வண்டி மூச்சை விட்டுருமாம். சலிச்சுப்போயி புடுங்கிட்டாராம். சொல்லிட்டு, வராண்டாவுல நின்னு அழுதாரு ப்ரென்னா. கல்யாணம் ஆனதுலருந்து அவரு அழுது நான் பாத்ததே இல்லை."

"நான் அழுததைப் பாத்தியே! ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"நீ சின்னப் பொண்ணு. தாங்கிக்குவ. அவரு தாங்க மாட்டாரு."

ப்ரென்னாவுக்குக் காதில் இரைந்தது. இதுதான் கணக்கா? தாங்குகிறவள் தலையில் இறக்கி வை. தாங்கத் தாங்க இன்னும் ஏற்று.

"ஒடஞ்சது உன் எலும்புமா!"

"அதான் கூடிருச்சே."

"கூடிருச்சா? எங்க, கையைத் தூக்கு பாப்போம்."

லவோன் தூக்கவில்லை. தூக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். அவள் கரண்டியை எடுத்துச் சூப்பைக் கிண்ட ஆரம்பித்தாள். "குடும்பத்துல நிம்மதின்னு ஒண்ணு வேணும்ல," என்று பானையைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க ரெண்டு பேர் நிம்மதிக்கு நான்தான் விறகா?" என்று கேட்டுவிட்டு ப்ரென்னா கதவை அறைந்து சாத்தினாள். அந்த வீட்டில் இதுவரை யாரும் கதவை அறைந்ததில்லை.

வைக்கோலை மாடுகளுக்குப் போட்டுவிட்டு, அதே பிக்கப்பில் ஊருக்குக் கிளம்பினாள். சாலை முழுக்க உறைபனி. ஃபியூஸ் இல்லை, சறுக்கினால் பிடித்து நிறுத்த வண்டிக்குள் ஒருவரும் இல்லை. ஆனால் இல்லை என்று இப்போது தெரியும். அது இல்லாத வண்டியை எப்படி ஓட்டுவது என்றும் அவளுக்குத் தெரியும். வளைவுக்கு வெகு முன்னாலேயே காலை எடுத்தாள். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தாள். பின்பக்கம் விலகப் பார்த்த இடத்தில் ஸ்டியரிங்கை அந்தப் பக்கமே கொஞ்சம் கொடுத்து நிமிர்த்தினாள். அன்றைக்கும் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இப்படித்தான் ஓட்டியிருப்பாள். ஃபியூஸைப் பிடுங்கியதுகூடப் போகட்டும். விளக்கை மறைத்தானே மனுஷன்! பிள்ளையும் பெண்டாட்டியும் ஏறுகிற வண்டி என்று தெரிந்தே மறைத்தானே!

ஒரு வளைவிலும் தயங்கவில்லை என்பதை ஊர் எல்லைக்கு வந்த பிறகுதான் கவனித்தாள். கோபத்தில் பயத்துக்கு இடமில்லாமல் போயிருந்தது.

மிர்னாவின் கடையில் பெரிய மேசை நிரம்பியிருந்தது. ஆரின் பகடைக் குவளையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பிக்கப்பைப் பார்த்துவிட்ட ட்வைட்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அடடே, பள்ளத்து ராணி வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கா! மிர்னா, சுவத்தை விட்டுத் தள்ளி நில்லு!"

சிரிப்பு எழுந்தது. ப்ரென்னா நேராகப் போய், டேப்பை மேசையின் நடுவில், பகடைகளுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"அப்பா, அந்த நட்டு ஜோக்கை இன்னொரு தடவை சொல்லுங்க. இந்தத் தடவை இதையும் சேத்துச் சொல்லுங்க."

ஆரினின் கை குவளையோடு நின்றது. மேசையில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த டேப்பைத் தெரியாத ஆள் அங்கே கிடையாது.

"ஓ, ஃபியூஸா?" என்றார் ட்வைட், சாதாரணமாக. "என் வண்டியிலயும் புடுங்கிட்டேன். அந்தச் சனியனை வச்சுக்கிட்டு மேட்டுல ஏற முடியுமா? டேப் ஒட்டலன்னா மூஞ்சியிலயே எரிஞ்சுக்கிட்டு இருக்கும். எல்லாரும் செய்யறதுதாம்மா."

"உங்க வண்டியை உங்க பொண்ணு எடுத்தா சொல்லுவீங்களா மாட்டீங்களா?"

"அது... சொல்லிடுவேன்."

"இவரு சொல்லல. எங்கம்மா எலும்பு ஒடஞ்ச பிறகும் சொல்லல. பிரேக் அதிரலன்னு சொன்னேன், நீ மிதிக்கலன்னாரு. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க."

யாரும் இப்போது சிரிக்கவில்லை. ஒருவர் காபியை ஊதினார். காபி எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"வீட்டுல பேசிக்கலாம்," என்றார் ஆரின் தாழ்ந்த குரலில்.

"ஜோக்கை மட்டும் ஊருல சொல்லுவீங்க, நெசத்தை வீட்டுல சொல்லுவீங்களா?"

ஆரின் எழுந்தார். தொப்பியை எடுத்தார். மகளைத் தாண்டி வெளியே போனார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த பெட்ரோல் பங்குக்குப் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போய், டேங்க் மூடியைத் திறந்து குழாயைச் செருகினார். கடையிலிருந்த எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு. இந்த ஊர் ஆம்பிளைகளுக்கு மன்னிப்புக் கேட்கிற நாக்கைக் கடவுள் வைக்கவில்லை. தப்பு பண்ணினால் உன் வண்டியின் டேங்கை நிரப்பி வைப்பார்கள், கண்ணாடியில் பனியைச் சுரண்டி வைப்பார்கள். நிரம்பிய டேங்கைப் பார்த்தால் நீயும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

"பாத்தியா, ரொப்பறான். அவ்வளவுதாம்மா, விட்ரு," என்றார் ட்வைட் இதமாக.

"எனக்குப் பெட்ரோல் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு ப்ரென்னா தெருவைக் கடந்தாள்.

ஆரின் குழாயை எடுத்து மாட்டினார். "ரொம்பிருச்சு," என்றார்.

"வாயால சொல்லுங்க."

"அதான் ரொம்பிருச்சுன்னு..."

"அப்பா!" அவள் குரல் பங்கின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு அம்மா செத்துப் போயிருந்தா, அப்பவாவது சொல்லியிருப்பீங்களா?"

ஆரின் தரையைப் பார்த்தார். பொய் சொல்ல எளிதான கேள்விதான் அது. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். 

"மாட்டேன்," என்றார். "சொல்லியிருக்க மாட்டேன். உன் தலையிலயே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருப்பேன். என்னால முடிஞ்சிருக்காது."

 அம்மாவைக் கொன்றவள் என்று காலம் முழுக்க ப்ரென்னா தலைகுனிந்து நடந்திருப்பாள். இவர் பக்கத்திலேயே நடந்து வந்திருப்பார், ஒரு வேளை தோளில் தட்டிக்கூடக் கொடுத்திருப்பார். ஆனால் இந்த மனிதர் அவளிடம் சொன்ன முதல் நிஜமும் இதுதான்.

"உள்ள வந்து சொல்லுங்க," என்றாள். "இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரி."

அவர் வந்தார். காலை இழுத்துக்கொண்டுதான் வந்தார், ஆனால் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மேசைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பையன்போல் நின்றார்.

"ஃபியூஸைப் புடுங்குனது நான். லைட்டை மறைச்சது நான். இவ பிரேக்கை மிதிச்சா. சரியாத்தான் மிதிச்சா. எனக்கு அன்னைக்கே தெரியும்."

மிர்னா கெண்டியை அடுப்பில் வைக்க மறந்து நின்றாள். ட்வைட் தன் பெரிய கையை மேசைமேல் விரித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நாம எதுக்குடா கை குடுத்தோம்?" என்று கேட்டார். "பொண்ணால முடியாதுன்னு நீ சொன்னதாலதானே?"

ஆரின் தொப்பியின் ஓரத்தைத் திருகினார்.

"அந்த நிலம் எனக்கு வேணும், பொய் சொல்ல மாட்டேன். அந்த ஆத்தோரத் துண்டு மேல எனக்கு இருபது வருஷமா ஒரு கண்ணு," என்ற ட்வைட், ப்ரென்னா பக்கம் திரும்பினார். "ஆனா பொய்யில குடுத்த இந்தக் கையை வச்சு வேண்டாம். நீ நடத்துறியா?"

"நடத்துறேன்."

"அப்ப நான் குடுத்த கையைத் திரும்ப வாங்கிக்கறேன். ஆரின், கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றார் ஆரின்.

ஜெயித்துவிட்டாள் என்றுதான் மிர்னா நினைத்தாள் போலிருக்கிறது, ஒரு கோப்பை காபியை ஊற்றி நீட்டினாள். ப்ரென்னா வாங்கவில்லை. சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று அவளும்தான் நினைத்திருந்தாள். தீரவில்லை. இரண்டு மாதமாக அவளையே தின்றுகொண்டிருந்த கோபம் இப்போது உரிய ஆளின் மேல் திரும்பி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். அதில் ஒரு பங்கு வீட்டில் சூப் கிண்டிக்கொண்டிருந்தவளுக்கும் இருந்தது.

வெளியே வந்து பிக்கப்பில் ஏறிக் கிளப்பினாள். ஆரின் பின்னாலேயே வந்து, மறுபக்கக் கதவின் பிடியில் கை வைத்தார். ஏறச் சொல்வாள் என்று காத்திருந்தார்.

ப்ரென்னா கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள்.

"நீங்க ட்வைட்கூட வாங்கப்பா. எனக்கு இன்னும் கோபம் போகல."

"எப்பம்மா போகும்?"

"தெரியல," என்று சொல்லிவிட்டு அவள் கியரைப் போட்டாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.